மேடையில் மட்டும் ஒரு டிக்

1.

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. குமணன்சாவடியில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் ஒரு பெண் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாள். சீராக வந்த ஒலி டிக்கென்று அறுந்து, உடனே ஒட்டிக்கொண்டது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பெயர் கேட்கவில்லை. மதிவதனி என்று வைத்துக்கொள்கிறேன்.

2.

மதிவதனிக்குச் சிறுவயதிலிருந்தே இசை என்றால்—

வேண்டாம். எல்லோருக்கும்தான்.

மறுபடி: பட்டாபிராமில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது அவள் கீபோர்டு கட்டிலுக்கடியில் ஊறிப்போனது. பதிலுக்கு வாங்க முடிந்தது வெறும் கட்டைகள் மட்டும் உள்ள ஒரு கீபோர்டு. அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்று மடிக்கணினிக்குச் சொல்லும், அவ்வளவே. பியானோ, வயலின், புல்லாங்குழல் எல்லாம் கணினிக்குள் இருக்கும் இலவச மென்பொருள்கள். முகம் தெரியாத யாரோ தன் பியானோவை ஒவ்வொரு சுரமாகப் பதிந்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் விட்டிருந்தார். வீட்டில் இரண்டு மணிநேரம் வாசித்தாலும் ஒரு டிக் இல்லை. மேடையில் மட்டும்.

(இது அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டும். கணினி ஒலியைப் பந்தி பரிமாறுவதுபோலத் தருகிறது. ஒரு சாம்பார் வாளி காலியாகும் முன் அடுத்தது வந்துவிட வேண்டும். பரிமாறுகிறவரை நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் இலை காய்ந்து கிடக்கும்; அந்த இடைவெளிதான் டிக். பெரிய வாளி வைக்கலாமே என்பீர்கள். நிரம்ப நேரமாகும், விரல் அழுத்தியபின் ஒலி தாமதமாக வரும். ஆக, கேள்வி இதுதான்: மேடையில் அவரைக் கூப்பிடுவது யார்?)

3.

இசைக்குழு நடத்தும் உலகநாதனைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன். வரவில்லை. குமணன்சாவடியில் நான் கேட்டது மதி சொதப்பிய இரண்டாவது கச்சேரி என்று வையுங்கள்.

"இன்னாம்மா மதி, பல்லி கத்துறா மாதிரி கீது?" என்றார் அவர்.

"கரண்ட்டு கோளாறா இருக்கும்ணே. அடுத்த தபா ஊட்லேர்ந்தே ஒயரு எட்த்தாந்துடறேன்."

பாடகி சாமுண்டீஸ்வரி மைக்கைக் கையால் மூடிக்கொண்டாள். "ஓசில எறக்குன சவுண்டு வேற எப்டிக் கத்தும்? நான் இழுக்கறப்போ கரெக்டா தும்முது பாருண்ணே."

மூன்றாவது, முத்தாபுதுப்பேட்டைக் கோயில் கச்சேரி. மதி எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே தூக்கிவந்தாள்: அதே மேசை, அதே சார்ஜர், அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கணினிக்கு அடியில் வைக்கும் அதே பலகை. முதல் பாட்டிலேயே டிக்.

கச்சேரி முடிந்து ஒயரைச் சுருட்டும்போது உலகநாதன் வந்தார். "அடுத்த வாரம் நீ வர வேணாம்மா. கிஷோரு வரான். அவன்கிட்ட நெஜ கீபோர்டு கீது."

"ஒரே ஒரு தபாண்ணே."

"மூணு தபா ஆச்சு மதி."

4.

சில முடிவுகள்.

(அ) விஷயம் தெரிந்த ஒருவர் மேடைக்கு வருகிறார். நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் அவர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

(ஆ) மதி கணினியை விற்றுவிட்டு—

(இ) வீட்டில் தனியாக வாசிக்கிறாள். டிக் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பெட்டியில் குறை இல்லையென்றால் குறை தன்னிடம்தான் என்று முடிவுகட்டி, மூடி வைக்கிறாள். திறப்பதில்லை.

இதுதான் நடந்திருக்கும்.

5.

காரணம் பிடிபட எனக்கு எட்டு மாதம் ஆனது, என் மேசையில் அதே டிக்கை வரவழைத்துப் பார்த்து. வீட்டிலிருந்து அவள் கொண்டுவராதது ஒன்றே ஒன்று: சுவரில் மாட்டியிருந்த வைஃபை பெட்டி. பழகிய இணைப்பு கிடைக்காத கணினி அதைத் தேடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் பரிமாறுகிறவரைக் கூப்பிடுகிறது.

அவள் விலாசம் என்னிடம் இல்லை. பட்டாபிராம் பக்கம் உங்களில் யாராவது அவளைப் பார்த்தால், முடிவை நீங்களே சொல்லிவிடுங்கள்: மேடையேறும் முன் வைஃபையை அணைத்துவிட வேண்டும். டிக் வராது.