ஜுனிட்டாவின் இடது காது

ஜுனிட்டாவின் இடது காதுக்கு விலை படிந்திருந்தது: ஒரு பன்றி, பத்துச் சரம் கோத்த சிவப்புச் சிப்பிப் பணம் ஒரு கட்டு, அரிசி ஒரு மூட்டை. பன்றி கொஞ்சம் நோஞ்சான். காதின் சொந்தக்காரிக்குப் பதினோரு வயது. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வலப்பக்கமாக நின்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் காது போனது காலெப் வாத்தியார் அறைந்த அறையில். குழந்தைகள் தின விழாவுக்காகப் பிள்ளைகளை அவர்களுடைய உரிமைகளை ஒப்பிக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். 'என்னை யாரும் அடிக்கக் கூடாது' என்ற வரி ஜுனிட்டாவுக்கு மறந்துபோயிற்று. வாத்தியார் ஞாபகப்படுத்தினார். செவிப்பறை கிழிந்தது. பிள்ளைகளை அடிக்கக் கூடாதென்ற அரசு உத்தரவைத் தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். பிரம்பை அதற்கு நேர் கீழே சாய்த்து வைத்திருந்தார்கள்.

ஜுனிட்டாவின் அம்மா நெஸ்டா, அவுக்கி என்னும் தீவு நகரத்துச் சந்தையில் பாக்கு விற்பவள். புருஷன் பழம் பறிக்க ஆஸ்திரேலியா போயிருந்தான். அதனால் குடும்பத்துக்காகப் பேச அவன் அண்ணன் ஒஃபானி வந்து உட்கார்ந்தார். ஊர் வழக்கப்படி, வாத்தியார் வீட்டார் பாயில் வைக்கும் சிப்பிப் பணத்தை அவர் கையால் எடுத்துவிட்டால் தீர்ந்தது. அப்புறம் அந்தப் பேச்சை ஊரிலும் எடுக்கக் கூடாது, போலீஸிலும் எடுக்கக் கூடாது. திங்கட்கிழமை வாத்தியார் வகுப்புக்குத் திரும்பிவிடுவார். ஜனவரியில் நெஸ்டாவின் சின்னவள் லவி அதே வகுப்பில் போய் உட்கார வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் கூட்டம் கூடியது. ஒஃபானி கையை நீட்டினார்.

"எடுத்துடட்டுமா?"

"இருங்க பெரியத்தான். பேரம் முடியல" என்றாள் நெஸ்டா.

"இன்னும் என்னத்தக் கேக்கப்போற? இன்னொரு பன்றியா?"

"கேக்க வரல. வாங்க வந்திருக்கேன்."

பையிலிருந்து இரண்டு கட்டுச் சிப்பிப் பணத்தை எடுத்துப் பாயில் வைத்தாள். தன் கூடப்பிறந்த அண்ணனிடம் காலையில் இரவல் வாங்கி வந்தவை.

"வாத்தியாரே, காதுக்கு ஒரு கட்டுன்னு நீங்க விலை சொன்னீங்க. நான் ரெண்டு தர்றேன். உங்க இடது காதக் குடுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வாத்தியார் பெண்டாட்டி எழுந்துவிட்டாள். "ஏம்மா, உனக்குப் பைத்தியமா?"

"பாதி விலைக்கு என் மக காதக் கேட்டப்ப எல்லாருக்கும் புத்தி தெளிவாத்தான இருந்துச்சு? சந்தையில வந்து பாரு. தன் வாயால சொன்ன விலைக்கு விக்கமாட்டேங்கிறவன் மூஞ்சியில சுண்ணாம்பத்தான் பூசுவாங்க."

காலெப் வாத்தியாரின் கை தானாக எழுந்து இடது காதைப் பொத்திக்கொண்டது.

"பாத்தீங்களா? அவருக்கும் விக்க மனசில்ல."

ஒஃபானிக்கு முகம் கறுத்துவிட்டது. "வழக்கத்த கேலி பண்ணாத நெஸ்டா. எத்தன வெட்டுக்குத்த இந்தப் பணம் நிறுத்தியிருக்கு, தெரியுமா?"

"பெரியவங்க சண்டைய நிறுத்துச்சு, பெரியத்தான். இல்லேங்கல. இவ யாரோட சண்டைக்குப் போனா?"

வாத்தியாரின் தம்பி துள்ளி எழுந்தான். "நேத்தே அரிசிய வாங்கி ஒஃபானி வீட்டுல ரெண்டு வேள ஆக்கித் தின்னாச்சே! தின்னா ஒத்துக்கிட்ட மாதிரிதான்!"

ஒஃபானி எதற்கோ தேவாலயக் கூரையைப் பார்த்தார். நெஸ்டா மட்டும் அசரவில்லை. மைத்துனர் வயிற்றைப் பதினைந்து வருஷமாக அறிந்தவள். தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில், பதிலுக்குக் கொடுக்கப் பிரிக்காத அரிசி மூட்டை ஒன்று இருந்தது.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையம் போனாள். கான்ஸ்டபிளின் தலைக்குப் பின்னால் சுவரொட்டியில் ஒரு குழந்தை பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஊர்லயே பேசி முடிச்சிருப்பீங்களேம்மா?"

"முடிக்கல."

"அடடா." அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "வண்டியில பெட்ரோல் வேற இல்லையே."

"குழந்தைய அடிச்சா உடனே போன் பண்ணுங்கன்னு பின்னால எழுதியிருக்கே?"

"போன் பண்ணலாம்மா, யாரு வேணாம்னா? வண்டிதான் வராது."

நெஸ்டா பாக்கு விற்ற காசில் ஐந்து லிட்டர் வாங்கி வந்து தன் கையாலேயே ஊற்றினாள். "இதுக்கு ரசீது குடுங்க."

"எதுக்கும்மா?"

"அரசாங்கத்துக்கிட்ட திருப்பிக் கேக்க. பிள்ளைங்கள நாங்க காப்பாத்துறோம்னு ரேடியோவுல தினம் சொல்றது அவங்கதான? என் பெட்ரோல்லதான காப்பாத்துறீங்க?"

கான்ஸ்டபிள் எழுதிக் கொடுத்தார். வண்டி பள்ளிக்கூடத்துப் பக்கம் கிளம்பியது. பின்பலகையில் மகளின் வலக்காதுப் பக்கமாக உட்கார்ந்து, குலுங்கக் குலுங்க, நெஸ்டா விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள்.

பன்றி, வந்த வழியே போயிற்று. வாத்தியாரின் சிப்பிப் பணம், யார் கையும் படாமல் திரும்பிற்று. அரிசிக்கு அரிசி சரி. அண்ணனின் இரண்டு கட்டும் அண்ணனிடம் சேர்ந்தன. வர வேண்டியது: அரசாங்கத்திடமிருந்து பெட்ரோல் ஐந்து லிட்டர், காலெப் வாத்தியாரிடமிருந்து இடது காது, ஒன்று.