ஓர் அட்டை, இரண்டு படம்

கடிதம் அண்ணியின் பெயருக்குத்தான் வந்தது. ஆனால் அவள் படித்து முடித்ததும் நாத்தனாரும் வாங்கி இன்னொரு முறை படித்தாள்.

மார்பகப் படத்தில் சந்தேகத்துக்குரிய ஒரு பகுதி தென்படுகிறது, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேலை அட்டையுடன் நேரில் வரவும். இவ்வளவுதான் எழுதியிருந்தது. இரண்டு படத்தில் எது என்று அதில் இல்லை. அந்த அட்டை எண்ணில் ஒரே ஒரு பெண்தான் வேலை செய்கிறாள் என்பதுதானே அலுவலகத்துக்குத் தெரிந்த சங்கதி.

உண்மையில் இரண்டு பேர். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பும் பெரிய லாண்டரி அது. அண்ணி அங்கே நிரந்தர ஆள், நீல அட்டை. அவளுடைய நாத்தனார், எல்லோரும் வாயாடி என்று கூப்பிடுகிறவள், ஒப்பந்தக்காரர் மூலம் மஞ்சள் அட்டையில் சேர்ந்தவள். இரண்டு வருடம் முன்பு மஞ்சள் அட்டைக்காரர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன் கண்ணை மூடி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"வாரத்துல மூணு நாள் என் அட்டையை மாட்டிட்டு நீ போ. என் இடுப்புக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்" என்றாள் அண்ணி.

"பிடிச்சுட்டா என்ன அண்ணி பண்றது?"

"மூஞ்சியப் பாத்தாத்தானே பிடிக்கிறதுக்கு."

அண்ணி நெட்டை. வாயாடி அவள் தோளுக்குத்தான் வருவாள். ஒருத்திக்கு நீள முகம், மற்றவளுக்கு வட்ட முகம். கண் உள்ள எவனும் ஒரு நொடியில் பிடித்துவிடலாம். முதல் நாள் வாசலில் போய் நின்றாள் வாயாடி. காவலாளி அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், உள்ளே விட்டான். "உங்க ஆளுங்கள்ல யாரு யாருன்னு கண்டுபிடிக்க எனக்கு இன்னொரு ஜென்மம் வேணும்மா" என்று சிரித்தான். அவன் சொன்னதை வீட்டில் நடித்துக் காட்டியபோது அண்ணிக்கும் அவளுக்கும் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. அதில் சிரிக்க என்ன இருந்தது என்று அப்போது தோன்றவில்லை.

லாண்டரியில் ஈரப் போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடிப்பார்கள். அக்காள் தங்கை, மாமியார் மருமகள் என்று ஜோடி ஜோடியாக நிற்பார்கள். தெரிந்தும் அவர்கள் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. இந்த இரண்டு வருடத்தில் இவர்கள் இருவர் மட்டும் ஒரு நாள்கூட அந்தக் கூரைக்குக் கீழே சேர்ந்து நின்றதில்லை.

போன மாதம் புற்றுநோய்ப் பரிசோதனை வண்டி வந்து லாண்டரி முற்றத்தில் இரண்டு நாள் நின்றது. நீல அட்டைக்கு மட்டும். நோய் ஆள் பார்த்து வருவதில்லை என்பார்கள். வரட்டும், வந்த பிறகு நன்றாகவே ஆள் பார்க்கிறது. மாடி அலுவலகத்து அம்மாவுக்கு இதே நோய் வந்தது. ஆறு மாதத்தில் தலையில் அழகாகத் துணி கட்டிக்கொண்டு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவர்கள் தெருவில் நான்கு வருடத்தில் மூன்று பேருக்கு வந்தது. மூன்று பேரும் இப்போது சுவரில் படமாக இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அண்ணி வண்டியில் ஏறினாள். புதன்கிழமை வாயாடியின் முறை. அன்று அவளும் ஏறினாள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே நர்ஸ் கேட்டாள், "இந்த நம்பர் நேத்தே வந்திருக்கே?"

"நேத்து பாதியில லாண்டரி மெஷின் நின்னுருச்சுன்னு கூப்ட்டாங்க சிஸ்டர், ஓடிட்டேன்."

நர்ஸ் தலையைத் தூக்கவில்லை. "சரி, நில்லுங்க" என்றாள்.

"ஓசியில நானும் ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன்" என்று வாயாடி வீட்டில் பீற்றிக்கொண்டாள். ஏன் எடுத்துக்கொண்டாள் என்று மட்டும் சொல்லவில்லை. இடது அக்குளுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுகிறவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கடிதம் வந்ததிலிருந்து வியாழன் வரை ஆறு நாள். குளிக்கும்போதெல்லாம் விரல் அங்கேயே போனது. ஒரு நாள் பெரிதாகிவிட்டது போலிருக்கும், மறுநாள் இல்லவே இல்லை போலிருக்கும். ஒரு காலையில் பல் துலக்கும்போது, அந்தப் படம் அண்ணியுடையதாக இருந்துவிடட்டுமே என்று மனம் நினைத்துவிட்டது. தன் மனம்தானா அது என்று அவளுக்கே அருவருப்பாகிவிட்டது. வாயைக் கொப்பளித்தாள், திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள்.

அண்ணியோ முடிவே கட்டிவிட்டாள். "எனக்குத்தான்டி. எங்க சித்திக்கும் வந்துச்சு" என்றாள். மகள்கள் இருவரையும் கூப்பிட்டு ரேஷன் அட்டை எங்கே, பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று அலமாரியைத் திறந்து காட்டினாள். பெரியவள் அழுதாள், சின்னவள் அலமாரிச் சாவியை வாங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்று அதைப் பார்த்த வாயாடிக்கு, கட்டியைப் பற்றிச் சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் அண்ணி ஆஸ்பத்திரியில் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவாள், அட்டை போகும். அட்டை போனால் சோறும் போகும், யாருக்கு நோயோ அவளுடைய வைத்தியமும் போகும். அட்டைக்குத்தான் ஆஸ்பத்திரி, ஆளுக்கு இல்லை. அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வியாழன் காலை துணைக்கு என்று அவளும் கிளம்பினாள். அண்ணியை உள்ளே கூப்பிட்டார்கள். புதிதாகப் படம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள். வாயாடி வெளி பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கடைசியில் இருவரையும் அறைக்குள் உட்காரச் சொன்னார். கட்டிலில் விரித்திருந்த போர்வையின் ஓரத்தில் லாண்டரியின் முத்திரை இருந்தது. அதைப் பார்த்தபடி இருந்தாள் வாயாடி.

"உங்க பக்கத்து ஆளுங்க எப்பவும் முத்தின பிறகுதான் வர்றீங்க. இந்தத் தடவை பரவாயில்ல" என்றார் டாக்டரம்மா. பிறகு சிரித்தார். "கவலையே படாதீங்கம்மா. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு. வண்டியில எடுத்த படத்துல ஏதோ கோளாறு. ஃபைலை மூடிடலாம்."

அண்ணி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பொத்திய கை மெல்ல இறங்கியது. அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டரம்மா சொன்ன நல்ல சேதியின் மறுபாதி தன் மடியில் வந்து விழுந்துவிட்டது என்று வாயாடிக்குப் புரிந்தது. ஆனாலும் எழுந்தாள். அண்ணியின் முழங்கையைப் பிடித்தாள். "நல்லதாப் போச்சு, வாங்க அண்ணி, போலாம்" என்றாள். அந்த நேரத்தில் பிள்ளைகளின் சோறுதான் அவள் கண்ணில் நின்றது. ஃபைல் மூடட்டும் என்றே நினைத்தாள்.

அண்ணி எழவில்லை. கழுத்திலிருந்து நீல அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"ஃபைலை மூடாதீங்கம்மா. படத்துல கோளாறு இல்ல. அது இவளோட படம்."

"அண்ணி, சும்மா இருங்க!"

"நீ சும்மா இருடி. ரெண்டு வருஷமா இந்த அட்டையில நாங்க ரெண்டு பேரும் மாறி மாறி வேலை செய்யிறோம். எழுதணும்னா எழுதிக்கோங்க. இவளைப் பாருங்க முதல்ல."

டாக்டரம்மா அட்டையை எடுத்தார். அதிலிருந்த போட்டோவைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், வாயாடியைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் அப்படிப் பார்த்த முதல் ஆள் அவர்தான். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"இதை நான் மறைக்க முடியாதும்மா" என்றார்.

"தெரியும்" என்றாள் அண்ணி.

டாக்டரம்மா புதிதாக ஒரு படிவத்தை இழுத்தார். முதல் கட்டம் அட்டை எண். பேனா அங்கே சற்று நேரம் நின்றது. பிறகு அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

"கையில ஏதாவது தட்டுப்படுதா?"

"ஆமாம்மா."

"எத்தனை நாளா?"

வாயாடி அண்ணியைப் பார்க்காமல் சொன்னாள். "நாலு மாசம்."

அண்ணி பளாரென்று அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "நாலு மாசமாடி?" அறைக்கு வெளியே இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "நாலு மாசமா என் பக்கத்துலதானடி படுத்திருந்த?"

அடித்த கையை அவள் முதுகிலிருந்து எடுக்கவே இல்லை. கட்டிலில் படுக்கச் சொல்லும்வரை அது அங்கேயே இருந்தது.