முதல் சட்டை தாய்வீட்டில்

வரிச்சிக்குடித் தையல்நாயகி முதல் முறை தோலுரிக்கப் பதினோரு மணி நேரம் ஆனது. பக்கத்து வயலில் சம்பாப் பயிருக்குச் சுருட்டுப்புழு மருந்து அடித்த காலையில் அவளுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. பிடரியில் தோல் மெல்லப் பிளந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் முழுதாகக் கழன்று வந்தது. வெங்காயச் சருகு போல இருந்தது. விரல் ரேகைகளும் இடது தோளின் தடுப்பூசித் தழும்பும் அதில் அப்படியே பதிந்திருந்தன. கணவர் நீலமேகம் அதை உள்பாவாடைகளோடு கொடியில் காயப்போட்டார். தையல்நாயகி புதுத் தோலில் ஈரம் உலரும்வரை மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தாள். பிறகு எழுந்து ரசம் வைத்தாள்.

அதற்கு முந்தைய வருடம் அவள் சென்னையில் அக்கா வீட்டில் சில மாதங்கள் இருந்தாள். அக்காவுக்கு முழங்கால் முடியவில்லை என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். திரும்பி வந்தபோது தலைமுடி விரற்கடை அளவே இருந்தது. வேண்டுதல் என்றார்கள். ஊர் நம்பியது, மகள் சிவப்ரியாவும் நம்பினாள். அவளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார்கள். சில நோய்களின் பெயர் ஒரு வீட்டில் அடிபட்டால் அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு யாரும் வர மாட்டார்கள் என்பது நீலமேகத்துக்குத் தெரியும்.

பிறகு எந்த வயலில் அந்த மருந்தை அடித்தாலும் தையல்நாயகி உரித்தாள். பாம்பு உரிப்பதைச் சட்டை என்று சொல்லிப் பழகிய ஊர், இதையும் சட்டை என்றே சொன்னது. ஒன்றை மஞ்சள் துணியில் சுற்றி அம்பகரத்தூர் அம்மனுக்குக் கொண்டுபோனார்கள். ரசீதில் வேறு இனம் இல்லாததால் பட்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். மற்றவை வீட்டுக்கு வீடு போயின. குழந்தை பிறந்த வீட்டில் தொட்டில்மேல் போர்த்தினார்கள், கொசு அண்டவில்லை.

காரைக்காலிலிருந்து வேளாண்மை அலுவலர் பஹீமா ஸ்கூட்டரில் வந்து விசாரித்தார். புழுவின் உடம்பில் ஒரு பூட்டு இருக்கிறது, உரிக்கும் பருவம் வந்ததும் அதன் ஹார்மோன் சாவியாகப் போய்த் திறக்கும், இந்த மருந்து கள்ளச்சாவி என்று விளக்கினார். காலம் வருமுன்னே பூட்டு திறந்துகொண்டால் புழு தின்பதை நிறுத்திவிடும், அரைகுறையாக உரித்துச் செத்துப்போகும்.

"மனுசங்களுக்கு இந்தப் பூட்டே கிடையாதுங்க" என்றார்.

"அப்ப எங்கம்மா மட்டும் எப்படி மேடம்?" என்று கேட்டாள் சிவப்ரியா.

"அதான் எனக்கும் புரியல. பூட்டப் பூச்சிலேர்ந்து எடுத்து மனுச செல்லுக்குள்ள வைக்கிற ஆராய்ச்சி நடக்குதுன்னு படிச்சிருக்கேன். உள்ள மருந்து சுரக்கணும்கறப்ப சாவிய மாத்திரையாக் குடுப்பாங்களாம்." பஹீமா தையல்நாயகியைப் பார்த்தார்.

"டீக்குச் சர்க்கரை போதுமாங்க?" என்றாள் தையல்நாயகி.

தை பிறந்ததும் பூவத்திலிருந்து பங்கஜவல்லி தன் மகன் சிலம்பரசனுக்குப் பெண் கேட்டு வந்தாள். கொடியில் காய்ந்த சட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிவப்ரியாவுக்குச் சிலம்பரசனைப் பிடித்திருந்தது. நாள் குறித்தார்கள். அதன் பிறகுதான் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. பெண்ணும் ஒருநாள் உரிப்பாள், முதல் உரிப்பு எந்த வீட்டில்? தலைப்பிரசவம் மாதிரி தாய்வீட்டில்தான் என்று முடிவாயிற்று. பங்கஜவல்லிக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

"மொத சட்டைய இங்கயே உரிச்சிட்டு வரட்டும். ரெண்டாவதுலேர்ந்து நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

தாளடிப் பயிருக்கு மருந்து அடித்த நாட்களில் சிவப்ரியாவைக் குளிப்பாட்டி, மருந்துக் காற்று மேலே படும்படி வரப்பில் நிறுத்தினார்கள். பூவத்திலிருந்து பங்கஜவல்லி கார் வைத்துக்கொண்டு வந்து குடை பிடித்தாள். சிவப்ரியாவின் கண்கள் சிவந்தன, இரண்டு முறை வாந்தி எடுத்தாள். தோல் மட்டும் அசையவில்லை.

"அப்பன் வாகு. நீலமேகம் தோலு எருமத்தோலுல்ல" என்றார்கள் பக்கத்து வரப்பில் நின்ற பெண்கள்.

தையல்நாயகிக்கு வீட்டில் உரிய ஆரம்பித்திருந்தது. சன்னல் வழியாக மகள் மூன்றாம் முறை குனிந்து வாந்தி எடுப்பதைப் பார்த்தாள். பாதி உரிந்த தோல் தோளிலிருந்து தாவணி போல் தொங்க, வரப்பில் நடந்து வந்தாள். மருந்து அடிப்பவர் மோட்டாரை நிறுத்தினார். நீலமேகம் பின்னாலேயே ஓடிவந்து, "தையலு, முகூர்த்தம் முடியட்டும்மா" என்றார். அவள் திரும்பவில்லை. மகளுக்கும் காற்றுக்கும் நடுவே போய் நின்றாள்.

"வாங்க சம்பந்தி. ஒங்களுக்குத் தன்னால வருது, இவ என்னடான்னா அடம் புடிக்கிறா" என்ற பங்கஜவல்லி, சட்டையின் நுனி சேற்றில் படாமல் குனிந்து தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு உரிக்க மாட்டாங்க. இது வம்சத்துல வர்றது இல்ல."

பங்கஜவல்லி பிடித்த நுனியை விடாமலே கேட்டாள்: "பின்ன எப்படி வந்துச்சு?"

"மார்ல கேன்சருங்க எனக்கு" என்றாள் தையல்நாயகி. "பூச்சியோட பூட்ட எடுத்து சென்னையில என் உடம்புல வச்சாங்க. அதுலதான் பொழச்சேன்."