லைல் வானெக்கின் நான்கு வருஷம்

லைல் வானெக்கின் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஜூலைக் கடைசியில் மரத்துப்போக ஆரம்பித்தன. ஹார்லன் ஊரின் பேஸ்பால் அணிக்கு அவன்தான் முதல் பிட்சர், பந்து எறிகிறவன். ஆட்டத்தைத் தொடங்கிவைத்து, எதிரணியின் மட்டைகளை அடக்கி வைப்பது அவன் வேலை. விரல் மரத்தால் பந்தின் தையல் தட்டுப்படாது. தையல் தட்டுப்படாத பந்து எங்கே போகும் என்று எறிகிறவனுக்கே தெரியாது.

முழங்கை வலிக்கிறது என்று போனபோது அணி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வீக்கம்தான், எறியலாம்" என்றார். லைலும் எறிந்தான். விரலைப் பற்றி மட்டும் அவரிடம் வாயைத் திறக்கவில்லை. அதைத் தானாகவே கண்டுபிடித்தவன் எஃப்ரைன். வருஷக்கணக்காக எதிரே குந்தி உட்கார்ந்து அவன் பந்துகளைப் பிடிக்கும் கேட்சர்.

"டேய், முன்னெல்லாம் உன் பந்து விழுந்தா உள்ளங்கை சுரீர்னு எரியும். இப்ப எங்க அத்தை தக்காளி தூக்கிப்போட்ட மாதிரி இருக்கு."

"குளிருடா."

"ஆகஸ்ட்ல என்னடா குளிரு?"

அந்த வருஷம் ஹார்லன் நூலிழையில் கோப்பையைத் தவறவிட்டது. நவம்பரில், லைலின் ஒப்பந்தத்தை இன்னும் நான்கு வருஷம் நீட்டிக்க விரும்புவதாக அணியிலிருந்து தகவல் வந்தது. அவன் மனைவி கொரீன் சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதாள். கல்யாணமானதிலிருந்து ஊர் ஊராகப் பெட்டி கட்டியவள் அவள். "இனிமே இங்கதான். சுவருக்கு நமக்குப் பிடிச்ச பெயின்ட் அடிக்கலாம்" என்றாள். அவளிடம் எப்படிச் சொல்வது? அவன் எஃப்ரைனுக்குப் போன் செய்தான்.

"வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்தப் போடு" என்றான் எஃப்ரைன். "மனசாட்சிய வேற அணிக்கு வித்துடு."

ஆனால் லைலுக்கு அது முடியவில்லை. கையெழுத்துப் போடும் நாளில் கொரீனை வெளியே உட்காரவைத்துவிட்டு, அணியின் நிர்வாகி ஹெய்க்கின் அறைக்குத் தனியாகப் போனான். நின்றபடியே சொன்னான்.

"என் கை போயிடுச்சு சார். விரல் மரத்துப்போகுது. இத மறைச்சு கையெழுத்துப் போட எனக்கு இஷ்டமில்ல."

ஹெய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உட்காரு லைல். எங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட்லயே டாக்டர் சொல்லிட்டார். முழங்கை நரம்பும் தசைநாரும் தேஞ்சு போச்சு."

லைலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

"தெரிஞ்சுமா செப்டம்பர் முழுக்க எறிய விட்டீங்க?"

"கோப்பை கைக்கெட்டுற தூரத்துல இருந்துது."

"அப்பவே ஓய்வு குடுத்திருந்தா?"

"பிழைச்சிருக்கலாம். யாரு கண்டா? இப்ப ஆபரேஷன் பண்ணாலும் உன் வயசுக்குப் பழைய கை வராதுங்கறாரு."

"அப்புறம் எதுக்கு இந்த நாலு வருஷம்?"

ஹெய்க் எதையும் ஒளிக்கவில்லை. புது மைதானத்துக்கு வரி போடலாமா என்று மார்ச்சில் ஊர் வாக்களிக்கப் போகிறது. வானெக் எங்கேயும் போகமாட்டான் என்று தெரிந்தால் ஜனங்கள் சரி என்பார்கள். "எங்களுக்கு உன் கை வேணாம்ப்பா. உன் முகம் இருந்தா போதும்."

எழுந்து போய்விடத்தான் நினைத்தான். போய் எங்கே எறிவது? வேறு எந்த அணியும் அதே முழங்கையைத்தானே படம் எடுத்துப் பார்க்கும்? கதவுக் கண்ணாடிக்கு அப்பால், இதற்கென்றே வாங்கிய நீலக் கவுனில் கொரீன் உட்கார்ந்திருந்தாள். அவன் பேனாவை எடுத்தான். நிருபர்கள் முன்னால் அணிச் சட்டையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தான்.

அதே வாரம் எஃப்ரைனை அணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். லைலுக்கு ஒதுக்கிய பணம் போக அவனுக்கு மிச்சம் இல்லையாம்.

"என்னாலதாண்டா" என்றான் லைல்.

"கையெழுத்துப் போடச் சொன்னவனே நான். உன்னைத் திட்டக்கூட எனக்கு வழியில்ல." எஃப்ரைன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. மெக்சிகோவில் ஒரு சின்ன அணிக்குப் போனான். அப்புறம் அவர்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது.

ஊர் வரிக்குச் சம்மதித்தது. ஏப்ரலில் முதல் ஆட்டத்துக்கு லைலைப் பந்து எறியும் மேட்டில் ஏற்றினார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல் இரண்டு பேரும் அவன் பந்தை அடித்து ஓடினார்கள். மூன்றாமவனுக்கு முழு வேகத்தில் எறியப் பார்த்தான். முழங்கைக்குள் ஏதோ அறுந்தது. பந்து பாதியிலேயே தரையில் விழுந்து உருண்டது.

கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் இறங்கி வந்தபோது கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. திரும்பி வருவான் என்று நம்பித் தட்டினார்கள். அவன் தலைநிமிரவில்லை.

கட்டுப் போட்ட கையோடு காரில் ஏறிய பிறகுதான் கொரீனிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஆகஸ்டையும் சேர்த்து. அவள் கத்தவில்லை.

"அன்னைக்கு ஹெய்க் ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா?"

அவள் யோசித்தாள். "தெரியல. நானும் கையெழுத்துப் போடத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்து வெளியேறிய கூட்டத்தில் கார் நகரவே இல்லை. அவன் பெயர் எழுதிய சட்டையோடு ஒரு தடித்த மனிதர் கண்ணாடியைத் தட்டினார். "நாலு வருஷம் இருக்கு வானெக்! அவசரமே இல்ல!" என்று கத்தினார். லைல் இடது கையைத் தூக்கி ஆட்டினான். கார் ஓரடி நகர்ந்து மறுபடியும் நின்றது.