சிட்டுவைப் பற்றி ஐம்பத்து நான்கு கேள்விகள்

சிட்டுவின் அம்மாவிடம் போய் சிட்டுவைக் குறை சொல்லிவிட்டு யாரும் முழுசாகத் திரும்பியதில்லை. வகுப்பில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஆசிரியை எழுதி அனுப்பினால், பாடம் சுவாரசியமாக இருந்தால் குழந்தை ஏன் ஜன்னலைப் பார்க்கிறது என்று அன்று சாயங்காலமே பதில் போய்விடும். மூன்றாவது தண்ணீர் பாட்டிலும் தொலைந்துவிட்டதே என்று கணவர் முணுமுணுத்தால், அந்தப் பாட்டிலுக்கு மூடியே சரியில்லை என்பாள். மூடிக்கும் தொலைவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அந்த மனிதருக்கு இன்றுவரை தைரியம் வந்ததில்லை.

பிழைப்பும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. வாஷிங் மெஷின் விற்கும் கடையொன்றில் புகார் கவுன்டர் அவளுடையது. மெஷினில் கோளாறே இல்லை, உங்கள் வீட்டுத் தரைதான் சமமாக இல்லை என்று அவள் சொல்லும் விதத்தில், சண்டை போட வந்தவர்கள் தரையைச் சரிசெய்ய ஆள் தேடிப் போவார்கள்.

அப்படிப்பட்டவளையே பள்ளிக்கூடம் ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்தது. சிட்டுவுக்குப் பதினொரு வயது. கணக்கைக் கேட்ட மாத்திரத்தில் வாயால் விடை சொல்லிவிடுவாள். அதையே தாளில் கொடுத்தால் பாதி காலியாக இருக்கும். ஒரு மதிப்பீடு செய்துவிடலாம், அறிக்கையில் காரணம் இன்னதென்று வந்தால் தேர்வில் கூடுதல் நேரமும் தனியாக உதவியும் கொடுக்க முடியும் என்றார்கள். மதிப்பீட்டு மையத்தில் பெயரைப் பதிந்துவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தார்கள்.

முறை வந்ததும், மதிப்பீடு செய்யும் மேடம் இரண்டு நாள் சிட்டுவோடு உட்கார்ந்தார். கட்டைகளை அடுக்கச் சொன்னார், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார், படிக்கவும் எழுதவும் சொன்னார். வெளியே அம்மாவின் கையில் ஒரு படிவம். ஐம்பத்து நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி, எப்போதும் என்று நான்கு கட்டங்கள். அம்மா அதை ஏழு நிமிடத்தில் ஊதித் தள்ளிவிட்டாள். ஐம்பத்தோரு இடத்தில் ஒருபோதும் இல்லை. மீதி மூன்றில் சில சமயம். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது கவுன்டரில் கற்ற பாடம்.

அடுத்த வியாழக்கிழமை மேடம் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளி விட்டதும் அம்மா சிட்டுவையும் அழைத்துக்கொண்டு போனாள். மேடம் இரண்டு படிவங்களை மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று பள்ளியிலிருந்து ஆசிரியை நிரப்பி அனுப்பியது, அதில் டிக்குகள் எல்லாம் வலது ஓரம். அம்மா நிரப்பியதில் எல்லாம் இடது ஓரம்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே பொண்ணைத்தான் சொல்றீங்களான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு," என்றார்.

அவர் கோபப்படவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. கவனம் நிற்காத பிரச்சினை நிஜமாக இருந்தால் பள்ளியிலும் தெரியும், வீட்டிலும் தெரியும் என்று நிதானமாக விளக்கினார். பள்ளியில் மட்டும் என்றால் அதை அறிக்கையில் எழுத முடியாது. எழுதாவிட்டால் கூடுதல் நேரம் கிடையாது, உதவியும் கிடையாது. ஆண்டுத் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. மறுபடி முறை வர ஆறு மாதம் ஆகும். நாளைக் காலை அறிக்கை எழுத உட்காரப் போகிறார். எந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும் என்று அவர் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. உள்ளதைப் போட்டால் போதும். இப்படிச் சொல்லிப் புதுப் படிவம் ஒன்றை நீட்டினார்.

காத்திருக்கும் அறையில் சிட்டு இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுக் குப்புறப் படுத்திருந்தாள். ஒரு ஷூ காலில் இருந்தது. இன்னொன்று எங்கேயோ இருந்தது.

அம்மா பேனாவைத் திறந்தாள். 'சொல்வதை முழுமையாகக் கேட்கும் முன்பே எழுந்து சென்றுவிடுகிறார்.' படிவம் சிட்டுவை ரொம்ப மரியாதையாக 'அவர்' என்றே அழைத்தது. ஆனால் கேட்பதெல்லாம் மானத்தை வாங்கும் கேள்விகள். பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. பெற்ற மகள்மேல் தன் கையாலேயே புகார் எழுதிக் கையெழுத்தும் போடுவதா? ஊர் முழுக்க ஒரு பக்கம் நின்றபோது இந்தப் பக்கம் நின்றவள் அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்? அழுகை வந்தது, யாரும் பார்க்காமல் துடைத்துக்கொண்டாள்.

யாரும் என்பதில் சிட்டு சேர்த்தி இல்லை. அவள் எழுந்து வந்து அம்மாவின் தோளில் மோவாயை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரியை விட்டுவிட்டு, திரும்பி வந்து, விரலை வைத்துப் பிடித்துக்கொண்டாள். 'தனக்குத் தேவையான பொருட்களைத் தொலைத்துவிடுகிறார்.' அம்மாவின் பேனா தயங்கித் தயங்கி 'சில சமயம்' பக்கம் போயிற்று. சிட்டுவின் விரல் இரண்டு கட்டம் தள்ளித் தட்டியது.

"இங்க போடும்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சிட்டு ஒற்றை ஷூவோடு நின்றாள். அம்மா 'எப்போதும்' கட்டத்தில் டிக் போட்டாள்.

அதற்கப்புறம் வேலை சூடு பிடித்தது. வரிசையில் காத்திருக்கச் சிரமப்படுகிறாரா என்ற இடத்தில், அன்று பேக்கரியில் வரிசையைத் தாண்டி ஓடியதைச் சிட்டு நினைவூட்டினாள். கடைக்காரர் ஆமை வேகம் என்று அம்மா வாதாடினாள். சிட்டு அவளையே பார்த்தாள். 'அடிக்கடி' என்று முடிவானது. செய்ய ஆரம்பித்ததைப் பாதியில் விடுவதற்கு 'எப்போதும்' என்று சிட்டுவே தீர்ப்புச் சொன்னாள். அதைச் சொல்லி முடிக்கும் முன்பே அறை மூலையிலிருந்த பொம்மைப் பெட்டியைக் கிளறப் போய்விட்டாள்.

முப்பதைத் தாண்டியதும் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. சிட்டுவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"இப்படியெல்லாம் எழுதறேனே, உனக்கு வருத்தமா இல்லையாடா?"

சிட்டு பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தாள்.

"நீ இல்ல இல்லன்னு போட்டாதான் வருத்தமா இருக்கும். அப்ப நான் வேணும்னே செய்யறேன்னுதானே ஆகும்?"

அம்மா பேனாவைக் கீழே வைத்தாள். யார் என்ன சொன்னாலும் அப்படி இல்லவே இல்லை என்று எல்லோரையும் துரத்தி அடித்தாளே, அத்தனை வருடமும் அந்தப் பிரச்சினையோடு இந்தக் குழந்தை தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. இவ்வளவையும் நேரே சொல்லத் தெரிந்த பெண்ணை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. மகளின் தலையைத் தன்னோடு சேர்த்து அழுத்திக்கொண்டு மிச்சத்தை நிரப்பினாள். இப்போது பேனா தயங்கவில்லை.

ஐம்பத்திரண்டாவது கேள்வியில் சிட்டு விரலை எடுத்துக்கொண்டாள். அந்த வரியை அவள் மெதுவாக ஒருதரம் படித்தாள், திரும்ப ஒருதரம் படித்தாள். பிறகு கையைத் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். அம்மா எட்டிப் பார்த்தாள். 'வேண்டுமென்றே மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறார்.'

அம்மா 'ஒருபோதும் இல்லை' கட்டத்தில் டிக் போட்டாள். போட்ட வேகத்தில் காகிதமே கிழியப் பார்த்தது.

"என்னைக் கேக்கவே இல்ல?" என்றாள் சிட்டு, கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இதுக்கு எதுக்குடா உன்னைக் கேக்கணும்?" என்றாள் அம்மா.