மெல்லத் தொட்டால் திறப்பது

கோகுல்நாத்துக்கு வயிறு எரிய ஆரம்பித்தது ஒரு சூட்டுக்காயத்தால்தான். சால்டரிங் அயன் வலது கட்டைவிரலில் பட்டுக் கொப்புளம் கிளம்பிவிட்டது. கிடார் வாசிக்க முடியாது. அன்றைக்கு வீடியோ எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்திருந்ததால், "நீ ஒரு ரெண்டு நிமிசம் வாசிச்சுடு சுப்ரா, கை மட்டும்தான் தெரியும்" என்று மனைவியிடம் கிடாரைக் கொடுத்தான். அந்த வாயை அப்போதே மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

அவனுக்குப் பிழைப்பு மராத்திக்காரர்கள் ஊரான சாகணில், வண்டிகளுக்கு சென்சார் செய்யும் ஒரு தொழிற்சாலையில். மற்ற நேரமெல்லாம் சிஞ்ச்வட் ஃப்ளாட்டின் சின்ன அறையில் கிடாருக்கான பெடல்கள் செய்வான், காலால் மிதித்தால் கிடாரின் சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டிகள். அதிலும் அவன் உயிரை விட்டது என்வலப் ஃபில்டர் என்கிற ஒரே பெடலில். காலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டால் போதும், அப்புறம் காலுக்கு வேலையில்லை. கம்பியை எவ்வளவு பலமாகத் தட்டுகிறோமோ அந்த அளவுக்குச் சத்தம் வாய் திறக்கும். மெல்லத் தட்டினால் கொஞ்சம், ஓங்கித் தட்டினால் 'உவா' என்று முழுசாக, குழந்தை சோற்றுக்கு வாய் திறப்பது போல. மொத்த விளையாட்டும் வாசிப்பவரின் கையில் இருக்கிறது. தொல்லையும் அங்கேதான்.

கோகுல்நாத்தின் கை கனத்த கை. பிளெக்ட்ரம் என்கிற மீட்டு வில்லையைப் பிடித்துத் தேங்காய் உடைப்பது போல அடிப்பான். பெடல் ஒவ்வொரு அடிக்கும் முழு வாயையும் திறந்து ஒரே 'உவா'வைச் சொல்லும். சுப்ரஜாவோ விரல் சதையால் தொடுவாள். அவள் வாசித்த இரண்டு நிமிடத்தில் அதே பெடல் முனகியது, கேள்வி கேட்டது, சிணுங்கியது, ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் சிரித்தது. இரண்டு வருடத்தில் ஆறு பெடல் விற்றவனுக்கு அந்த வீடியோவைப் போட்ட ஒரு வாரத்தில் பதினொரு ஆர்டர் வந்தது. யாரும் பெடலைப் பற்றிப் பேசவில்லை. 'யாருடைய கை இது?' என்று கேட்டார்கள். 'இனிமேல் இவரையே வாசிக்கச் சொல்லுங்கள்' என்று ஒருவன் எழுதியதற்கு எழுபது பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். கோகுல்நாத் எழுபதையும் எண்ணினான்.

பொள்ளாச்சியிலிருந்து அவன் அம்மா வேறு போன் செய்தாள். "ஏங்கண்ணு, அது நம்ம சுப்ரா கையாமா? சொந்தக்காரங்க எல்லாத்துக்கும் அனுப்பிச்சு உட்டேன். நீயும் அவகிட்டச் சித்தெ கத்துக்கோ."

கல்லூரியில் அவளுக்குக் கிடாரில் முதல் நாலு கார்டு, நாலு ஸ்வரக்கூட்டு, சொல்லிக்கொடுத்தவன் அவன். விரல் எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் விழித்தவள். அவள் விழித்ததைப் பார்த்துத்தான் காதலே வந்தது. இந்த வீட்டில் கிடார்க்காரன் என்றால் அது அவன்தான் என்பதில் எட்டு வருடமாக எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. இப்போது சொந்த அம்மா அவளிடம் கற்றுக்கொள்ளச் சொல்கிறாள்.

கட்டைவிரல் ஆறிப் புதுத்தோல் வந்தது. மனசு ஆறவில்லை. அவனே வாசித்துப் போட்ட அடுத்த வீடியோவுக்கு, 'பழைய கை எங்கே?' என்று கேட்டார்கள். அவனுடைய கை பழைய கைகூட இல்லையாம். சுப்ரஜா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அதில் கேலி இல்லை என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பில்லை என்று ஒரு சண்டை போட்டான்.

இந்த நிலையில்தான் ஜோக்ளேகர் கூப்பிட்டார். சதாசிவ் பேட்டையில் பெரிய இசைக்கருவிக் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை மாடியில் கிடார்க்காரர்கள் கூடுவார்கள், அங்கே பெடலைக் கொண்டுவந்து காட்டுங்கள், பிடித்திருந்தால் கடையில் வைக்கிறேன் என்றார். கோகுல்நாத் தரையில் நிற்கவில்லை. போனை வைக்கப் போகும்போது அவர் கேட்டார்: "மேடம்தானே வாசிப்பார்கள்?"

"ஆமாம்" என்று இந்தியில் சொன்னான். சொல்லிவிட்டு அந்தப் போனைச் சுவரில் அடித்திருப்பான், புதுப்போனாக இல்லாதிருந்தால்.

சனிக்கிழமை மத்தியானம் சுப்ரஜா காய் வாங்கப் போன நேரத்தில் பெடலின் அடிமூடியைக் கழற்றினான். வெளியே தெரியும் மூன்று குமிழ்கள் வாசிப்பவருக்கு. உள்ளே ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அது செய்தவனுக்கு. எவ்வளவு அடித்தால் எவ்வளவு திறக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும். நகம் அளவு ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கால் சுற்று திருப்பினான். பிறகு மூடியைப் போட்டு நாலு மூலையையும் முடுக்கினான். 'நாளைக்கு ஒரு நாள்தானே' என்று தன்னிடமே சொல்லிக்கொண்டான். கை நடுங்கியது என்று சொல்லிவிட்டால் அவன் மேல் கொஞ்சம் இரக்கம் வரும். நடுங்கவில்லை. சாகணில் பத்து வருடம் வேலை பார்த்த கை, சுத்தமாகத் திருப்பியது.

ஞாயிறு காலை மாடியில் முப்பது பேர் இருந்தார்கள். சுப்ரஜா உட்கார்ந்து பெடலை அழுத்தி, கம்பியை மெல்லத் தொட்டாள். பெடல் வாய் திறக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மங்கலாக ஒரு சத்தம். குமிழைக் கொஞ்சம் கூட்டினாள், பிறகு முழுசாகக் கூட்டினாள். அதே முணுமுணுப்புத்தான். முன்வரிசையில் ஒருவன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். அவளுடைய காது மடல் சிவந்தது. கோகுல்நாத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டான்.

சுப்ரஜா கிடாரை அவனிடம் நீட்டினாள். "எனக்கு வரலை. நீ வாசி."

இதற்காகத்தானே. பிளெக்ட்ரத்தை எடுத்து ஓங்கி அடித்தான். 'உவா!' முப்பது தலையும் நிமிர்ந்தது. அவனுடைய கைக்கு அளந்து வைத்த திருகு அல்லவா, இதுவரை ஒரே ஒரு வார்த்தை சொன்ன பெடல் இப்போது அவன் கையிலும் முனகியது, சிணுங்கியது. ஐந்து நிமிடம் வாசித்தான். கை தட்டினார்கள். ஜோக்ளேகர் எழுந்து நின்றே தட்டினார். அவன் சுப்ரஜாவைப் பார்த்தான். அவள் தட்டவில்லை. பெடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிசம் குடு. அந்தப் பிளெக்ட்ரத்தையும்" என்றாள்.

சுப்ரஜா ஹிஞ்சவடியில் மென்பொருள் சோதிப்பவள். மிக்ஸி கெட்டாலும் கீசர் கெட்டாலும் அவளுக்கு ஒரே வழி. எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பாள், திரும்பத் திரும்ப. அதை இத்தனை வருடம் கேலி செய்தவன் இப்போது அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓங்கி அடித்தாள். திறந்தது. மெல்லத் தொட்டாள். மூடிக்கொண்டது. ஓங்கி, மெல்ல. ஓங்கி, மெல்ல. மூன்றாம் தடவைக்குப் பிறகு தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டாள்.

பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சாவகாசமாக இந்தியில் பேசினாள். இந்தப் பெடலில் உள்ளே ஒரு திருகு உண்டு, வாசிப்பவருடைய கைக்குத் தகுந்தபடி அதை வைத்துக்கொள்ளலாம், இப்போது அது என் கணவருடைய கைக்கு வைத்திருக்கிறது, அதனால்தான் எனக்குத் திறக்கவில்லை, அவருக்குத் திறந்தது. ஏதோ முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்து காட்டிய வித்தை என்று நினைத்து எல்லோரும் இன்னொரு முறை கை தட்டினார்கள். ஜோக்ளேகர் அங்கேயே இருபது பெடல் சொல்லிவிட்டார். பத்து கனத்த கைக்கு, பத்து மேடத்தின் கை போல மெல்லிய கைக்கு.

திரும்பும்போது மெட்ரோவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சண்டைக்குக் காத்திருந்தான்.

"எப்ப?" என்றாள்.

"நேத்து. நீ காய் வாங்கப் போயிருந்தப்ப."

"எவ்வளவு?"

"கால் சுத்து."

தலையை ஆட்டிக்கொண்டாள், அலுவலகத்தில் பிழைப் பட்டியலில் ஒன்றைக் குறித்துக்கொள்வது போல. அவனால் தாங்க முடியவில்லை.

"ஏன்னு கேளேன், சுப்ரா."

"அதுதான் தெரியுதே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு வாரம் எல்லாம் வழக்கம் போலவே நடந்தது. காப்பி வந்தது, துணி மடிந்தது, பேச வேண்டியதைப் பேசினாள். கிடாரை மட்டும் தொடவில்லை. அவள் சத்தம் போடுவாள் என்று அவன் பயந்தான், போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கனத்த கைக்கான பத்துப் பெடல்களைத் தன் கையாலேயே வாசித்து வாசித்துத் திருகு வைத்து முடித்தான். மற்ற பத்தும் மேஜைமேல் மூடியில்லாமல் கிடந்தன. மெல்லத் தொட்டுப் பார்த்தான். அவன் மெல்லத் தொடுவதாக நினைத்ததே அவளுடைய ஓங்கிய அடிக்கு மேலே இருந்தது. இரண்டு நாள் முயன்றான். கடைசியில் அடுத்த ஞாயிறு, வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டான்.

"சித்தெ வந்து வாசிச்சுக் குடு சுப்ரா. நான் திருகைப் பார்த்துக்கறேன்."

மறுப்பாள் என்று நினைத்தான். உடனே வந்தாள். அவன் குனிந்து ஸ்க்ரூடிரைவரைத் திருகில் வைத்துக்கொண்டு, "ம்" என்றான்.

அறை அதிர்ந்தது. தன்னுடைய பழைய வீடியோ எதையோ போட்டுவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தான். அவனுடைய அடி. தாளத்துக்கு ஒரு மயிரிழை முந்தி விழும் அவனுடைய அவசரம்கூட அப்படியே இருந்தது. நிமிர்ந்து பார்த்தான். பிளெக்ட்ரம் பிடித்து அவள்தான் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா வாசி" என்றான்.

மறுபடியும் ஓங்கி அடித்தாள்.

"சுப்ரா, இந்தப் பத்துக்கும் உன்ற கை வேணும்."

"என்ற கை வேண்டாம்னுதான கால் சுத்து திருப்புன? ஒரு வாரமா மனசுக்குள்ளயே பழகி உன்ற கையக் கொண்டாந்திருக்கறேன். இந்த வீட்டுல இனி இது ஒண்ணுதான்."

அவள் குரலில் கோபமே இல்லை. விளையாட்டும் இல்லை. சொன்னதைச் செய்பவள் என்பது எட்டு வருடமாக அவனுக்குத் தெரியும். அந்த மெல்லிய தொடுதலை இனி எந்தக் காலத்திலும் இந்த அறையில் கேட்கப் போவதில்லை, மூடியில்லாத பத்துப் பெடலும் இப்படியே கிடக்கப் போகின்றன. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது, வாயும் பாதி திறந்தது. அவள் அதற்குள் அடுத்த அடியை அடித்தாள், அவனுடைய அடிதான், ஆனால் பிசிறில்லாமல். அந்த நேரத்திலும் கோகுல்நாத்துக்கு முதலில் உறைத்தது, தன் கையையும் அவள் தன்னைவிட நன்றாக வாசிக்கிறாள் என்பதுதான்.