புளியங்கொட்டைத் தோல் பொடி

இருதயம்மாள் வீட்டுக் கோழி முட்டையிட்டால் கல்மண்டபம் சந்துக்கே தெரியும். கோழி கொக்கரித்த மறுநிமிடம் அவளும் கொக்கரிப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு, ஆறு கோழி இருந்தும் நாளுக்கு ஒரு முட்டைகூடத் தேறாமல் போனது. கூட்டை ஒட்டியிருந்த கதவு பக்கத்து வீட்டு சாபிராவுடையது. போதாதா?

குழாயடியில் குடங்கள் வரிசை கட்டும் காலை நேரம் பார்த்துத்தான் ஆரம்பித்தாள்.

"என் முட்டைய எவ துன்றாளோ, அவ புள்ள தலமேல அடிச்சி சத்தியம் பண்ணட்டும்!"

பேரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் சாபிராவைத்தான் பார்த்தார்கள். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்த மகள் அஜீசாவின் தலையில் கை வைத்தாள். "நான் எடுக்கலக்கா. அல்லா மேல சத்தியம்." "பாக்கலாம், பாக்கலாம்" என்று இருதயம்மாள் குடத்தோடு நடந்துவிட்டாள்.

பத்து நாளில் ஒரு கோழி நிற்க முடியாமல் சுருண்டது. கூடையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். டாக்டர் அதன் நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார்.

"என்னம்மா தீனி போடறே?"

"தவுடுதான் சார். அத்தோட மீன் வலை நூலு கெட்டியாவறதுக்குத் துவர் ஏத்தற புளியங்கொட்டைத் தோல் பொடி கலக்குறேன். வூட்டுக்காரரு நைலான் வலை வாங்கிட்டாரு, பொடி ரெண்டு மூட்டை சும்மா கீது."

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அந்தத் துவர்ப்புதாம்மா வினை! தீனியில இருக்கற புரதச் சத்தை வயித்துக்குள்ள கெட்டியாப் பிடிச்சுக்கும், செரிக்க விடாது. சத்தெல்லாம் எச்சத்தோட போயிடும். அப்புறம் முட்டை எங்கேருந்து வரும்? பொடியை நிறுத்து. கொஞ்சம் கருவாட்டுத் தூள் போடு."

இருதயம்மாளுக்கு முகம் எரிந்தது. அந்தப் பொடி நூலை எப்படி இறுக்கும் என்று இருபது வருஷமாகக் கை கறுக்கக் கண்டவள். கோழி வயிறு மட்டும் அதற்கு விதிவிலக்கா? அடுத்தவள் பிள்ளை தலையில் கை வைக்கவைத்தாளே, பாவி!

பொடியை நிறுத்திய மூன்றாம் வாரம் முட்டைகள் வந்தன. கோழிகள் கொக்கரிக்க, அவள் வெட்கத்தில் ஓடிப்போய்க் கூட்டைச் சாக்கால் மூடினாள். சாக்குக்குள்ளிருந்தும் அவை கொக்கரித்தன.

மத்தியானம் நாலு முட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சாபிரா வாசலில் நின்றாள். "தப்பு என்னுதுதான் சாபிரா. நான் போட்ட தீனிதான்..." என்று முணுமுணுத்தாள்.

சாபிரா முட்டையைப் பார்க்கவேயில்லை. "அன்னிக்கி இன்னா தொண்டையில கத்தினே? அதே தொண்டையில, அதே எடத்துல சொல்லுக்கா."

மறுநாள் காலை, குழாயடி. இருதயம்மாள் வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது. பின்னால் அவள் கோழி ஒன்று கொக்கரித்தது. பெண்கள் கூட்டைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள்.

"சாபிரா எதையும் எடுக்கல! நான்தான் கண்டதைப் போட்டு என் கோழிய வதைச்சேன்! அவ மேல பழி போட்டேன்!"

சொல்லிவிட்டு, அழுதுகொண்டே அஜீசாவின் தலையைத் தடவக் கை நீட்டினாள். குழந்தை சட்டென்று தலையை இழுத்து, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.